நான்காம் டிவிஷனுக்கு ஒரு விருது

1985-ல் துரோணாச்சாரியா விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர்கள் மூவர்: தடகளத்துக்கு ஓ.எம். நம்பியார், குத்துச்சண்டைக்கு ஓம் பிரகாஷ் பரத்வாஜ், மல்யுத்தத்துக்கு பாலசந்திர பாஸ்கர் பாகவத். இந்த மூன்று பெயர்களில் பொதுவாசகர் நினைவில் இன்றும் நிற்பது நம்பியார் ஒருவர்தான்; அதுவும் பி.டி. உஷாவின் தயவில். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு நொடியில் வெண்கலத்தைத் தவறவிட்ட உஷா, அடுத்த ஆண்டே ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் ஐந்து தங்கம் வென்றார். நம்பியார் கண்ணூர் விளையாட்டுப் பள்ளியில் அந்தச் சிறுமியைக் கையில் எடுத்துக்கொண்டது எழுபதுகளின் பிற்பகுதியில். அந்த நாட்களிலும் அவர் அதே பயிற்சியாளர்தான். அதே கண்டிப்பு, அதே கண். ஆனால் உஷா உலகத்தின் கண்ணில் படும்வரை நம்பியாரும் யார் கண்ணிலும் படவில்லை. விருது பிறந்தபோதே அதன் இலக்கணமும் எழுதப்பட்டுவிட்டது: சீடர் வாங்கும் பதக்கம்தான் குருவுக்குச் சான்றிதழ். நாற்பது ஆண்டுகள் கழித்தும் அது பெரிதாக மாறவில்லை. வழக்கமான பிரிவில் கடந்த நான்கு ஆண்டுகளில் சீடர்கள் சர்வதேசப் போட்டிகளில் சாதித்தது கணக்கில் வருகிறது. நெடுங்காலப் பணிக்கென வாழ்நாள் பிரிவு தனியாக இருக்கிறது. 2020-ல் பரிசுத்தொகை வழக்கமான பிரிவில் ஐந்து லட்சத்திலிருந்து பத்து லட்சமாகவும், வாழ்நாள் பிரிவில் பதினைந்து லட்சமாகவும் உயர்ந்தது. தொகை உயர்ந்ததே தவிர, அளவுகோல் அப்படியே இருக்கிறது.

இந்த அளவுகோல் உச்சிப்படியில் நிற்கும் பயிற்சியாளருக்குப் பொருந்தும். கீழ்ப்படியில் நிற்பவருக்குப் பொருந்தாது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். அதை விளக்க அமெரிக்க பேஸ்பால் நல்ல உதாரணம். கீழ்ப்படி என்றால் என்ன என்பதை அவர்களைப்போல ஒழுங்குபடுத்தி வைத்திருப்பவர்கள் குறைவு. மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் கீழே நான்கு படிகளில் நான்கு துணை அணிகள். 2021-ல் நடந்த மறுசீரமைப்புக்குப் பிறகு மொத்தம் 120. இதற்குத்தான் மைனர் லீக் என்று பெயர். ஒரு மைனர் லீக் அணியின் மேலாளர் (பேஸ்பாலில் தலைமைப் பயிற்சியாளரை மேலாளர் என்றுதான் சொல்கிறார்கள்) தன் ஆட்டக்காரர்களைத் தானே தேர்ந்தெடுப்பதில்லை. அவர்கள் மேலணியின் ஊழியர்கள். இளம் பந்துவீச்சாளர் ஓர் ஆட்டத்தில் எத்தனை பந்துக்கு மேல் வீசக்கூடாது என்பதை மேலிடம் சொல்லிவிடும். காயத்திலிருந்து மீண்டுவரும் நட்சத்திரம் ஒருவர் நான்கு நாள் ஆடிப் பார்க்க வந்தால் அவருக்கு இடம் ஒதுக்கியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் நன்றாக ஆடத் தொடங்கிய நொடியில் மேலே அழைத்துக்கொள்வார்கள். கோப்பைக்கு மூன்று ஆட்டம் பாக்கி என்றாலும் காத்திருக்க மாட்டார்கள். ஆக, இந்த மேலாளர் தன் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறாரோ அவ்வளவு சீக்கிரம் அவர் அணி பலவீனமாகும். வெற்றிப் பட்டியலை வைத்து இவரை எப்படி எடைபோடுவது?

எடைபோட முடியாது என்று அவர்கள் விட்டுவிடவில்லை. ஸ்போர்ட்டிங் நியூஸ் பத்திரிகை 1936-லேயே மைனர் லீக்கின் ஆண்டின் சிறந்த மேலாளர் என்ற விருதைத் தொடங்கிவிட்டது. பிறகு தனித்தனி லீக்குகளும் தங்கள் தங்கள் மேலாளரைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கின. இன்டர்நேஷனல் லீக் 1967-லிருந்து கொடுத்துவருகிறது. இவற்றில் இரண்டு நிகழ்வுகள் கவனத்துக்குரியவை. 1937-ல் மேரிலாந்து மாநிலத்தின் சாலிஸ்பரி என்ற சிற்றூர் அணி, அமைப்பின் ஆகக் கீழ்ப்படியில், 21 வெற்றி, 5 தோல்வி என்று ஓடிக்கொண்டிருந்தது. அணியில் ஒருவர் ஆடத் தகுதியற்றவர் என்று சொல்லி 21 வெற்றிகளையும் நிர்வாகம் பறித்தது. பூஜ்யம் வெற்றி, 26 தோல்வி. அங்கிருந்து எழுந்து மிச்ச ஆட்டங்களில் 59 வென்று 11 மட்டுமே தோற்று, அந்த அணி லீக்கில் முதலிடம் பிடித்தது. மேலாளர் ஜேக் ஃப்ளவர்ஸுக்கு அந்த ஆண்டின் விருது போனது. அவருடைய ஆட்டக்காரர்கள் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று பார்த்துக் கொடுக்கப்பட்டதல்ல அது. அந்தக் கோடையில் அவர் செய்ததற்கு அந்தக் கோடையிலேயே கிடைத்தது. இரண்டாவது, வருத்தம் தோய்ந்த விருது. 2007 ஜூலையில் டல்சா டிரில்லர்ஸ் அணியின் பயிற்சியாளர் மைக் கூல்பாஹ், முதல் பேஸ் அருகே நின்று ஓட்டக்காரர்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தபோது, அடிக்கப்பட்ட பந்து பட்டு இறந்துபோனார். அடுத்த ஆண்டு பேஸ் பயிற்சியாளர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமாயிற்று; அவர் பெயரில் ஒரு விருதும் வந்தது. உழைப்பு, ஆட்ட அறிவு, இளையவர்களை வளர்க்கும் திறன் ஆகியவைதான் அதற்கு அளவுகோல்.

சென்னைக்கு வருவோம். இந்த நகரத்துக்கும் ஒரு மைனர் லீக் உண்டு. அதை யாரும் அப்படி அழைப்பதில்லை என்பதுதான் வித்தியாசம். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் நடத்தும் லீக்கில் முதல் டிவிஷனுக்கு ராஜா ஆஃப் பாளையம்பட்டி கேடயம். ஜாலி ரோவர்ஸ், விஜய் சி.சி., குளோப் டிராட்டர்ஸ் போன்ற, கம்பெனிகளின் ஆதரவு பெற்ற அணிகள் அங்கே மோதுகின்றன. அதற்குக் கீழே படிப்படியாக டிவிஷன்கள். ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே. முதல் டிவிஷனில் சம்பளத்துக்குப் பயிற்சியாளர் இருப்பார், உடற்பயிற்சி நிபுணரும் இருப்பார். நான்காம் டிவிஷனில் செகரட்டரி இருப்பார். இந்தச் செகரட்டரி என்ற பிறவியைக் கொஞ்சம் அருகில் பார்ப்பது நல்லது. கிளப்பின் பெயரும் பந்துச் செலவும் அவருடையது. மேட்டிங் விக்கெட் என்றால் சுருட்டி வைத்த மேட்டைத் தூக்கி வந்து, சுருக்கம் விழாமல் இழுத்துப் பிடித்து, சுற்றிலும் ஆணி அடிக்கும் வேலையை மேற்பார்வை பார்ப்பதும் அவர்தான். பதினோரு பேர் வந்துவிட்டார்களா என்று எண்ணுவார். பத்துப் பேர்தான் என்றால் போனை எடுத்து, கல்லூரிப் பரீட்சை இருக்கிறது என்று சொல்பவனைத் திட்டாமல் தாஜா பண்ணி வரவைப்பார். ஸ்கோர் புத்தகம் யார் கையில், மதியச் சாப்பாடு எங்கிருந்து, அம்பயருக்கு நாற்காலி உண்டா என்பதெல்லாம் அவர் கவலை. இதற்கு நடுவில் கேப்டனிடம் போய், அந்தப் புதுப் பையனுக்கு இன்னும் இரண்டு ஓவர் கொடுத்துப் பாரேன் என்று சொல்வதும் அவர்தான். கடைசியாகச் சொன்ன அந்த ஒரு காரியம்தான் இக்கட்டுரைக்கு முக்கியம்.

அந்த இரண்டு ஓவர் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு அடையாறே சாட்சி. வருண் சக்கரவர்த்தி அடையாறு பக்கத்துப் பள்ளிகளில், மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கேந்திரிய வித்யாலயாவிலும் செயின்ட் பேட்ரிக்ஸிலும் படித்தவர். பள்ளி நாட்களில் விக்கெட் கீப்பர். பிறகு கிரிக்கெட்டை விட்டுவிட்டுக் கட்டடக்கலை படித்து, வேலைக்கும் போனார். திரும்பி வந்தபோது வேகப்பந்து வீசும் ஆல்ரவுண்டர், முழங்காலில் அடிபட்டது. அதன் பிறகு சுழற்பந்து. 2017-18 பருவத்தில் நான்காம் டிவிஷனில் ஜூபிலி கிரிக்கெட் கிளப்புக்காக ஏழு ஆட்டங்களில் 31 விக்கெட் எடுத்தார். ஓவருக்கு மூன்று ரன்னுக்குச் சற்று மேல்தான் கொடுத்தார். அப்போது அவருக்கு 26 வயது. இந்தியக் கிரிக்கெட்டில் 26 வயதுப் புதுமுகத்தைத் திறமையாளர் தேடும் எந்தத் திட்டமும் ஏறெடுத்துப் பார்க்காது. பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணியில் இல்லாதவன் முடிந்துபோனவன் என்பதுதான் வழக்கு. 2018-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் கோப்பை வென்ற மதுரை அணியில் அவர் இருந்தார். அந்த டிசம்பரில் ஐ.பி.எல். ஏலத்தில் 8.4 கோடிக்குப் போனார். 2025-ல் சாம்பியன்ஸ் டிராபி வென்ற இந்திய அணியில் முக்கியமான பந்துவீச்சாளர். சேலம் பக்கத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜன் கதையும் இதே படிக்கட்டில் நடப்பதுதான். 2010-11-ல் பி.எஸ்.என்.எல். அணிக்காக நான்காம் டிவிஷன், பிறகு விஜய் சி.சி., ஜாலி ரோவர்ஸ் என்று முதல் டிவிஷன், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் தொப்பி. இருவர் வாழ்க்கையிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒருவர், பெயர் தெரியாத ஒருவன் கையில் பந்தைத் தூக்கிக் கொடுத்து, அடி வாங்கினாலும் திரும்பப் பிடுங்காமல் இருந்திருக்கிறார்.

அந்த யாரோ ஒருவரைத் துரோணாச்சாரியா விருது ஏன் பார்ப்பதில்லை என்றால், அதைக் கொடுப்பவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. துரோணர் அரண்மனைப் பயிற்சியாளர். அவர் பெயரில் விருது வைத்தவர்கள் அரண்மனைக்குள் பார்ப்பது இயல்பு. (ஏகலைவன் கட்டைவிரலை இங்கே இழுக்க வேண்டாம், அந்தக் கிண்டல் பழசாகிவிட்டது.) சென்னைக்குக் கிடைத்த துரோணாச்சாரியாக்களைப் பாருங்கள். 2005-ல் ஸ்குவாஷுக்கு சைரஸ் போன்ச்சா. சேத்துப்பட்டு நேரு பூங்காவில் உள்ள அகாடமியில் ஜோஷ்னா சின்னப்பா, தீபிகா பல்லிக்கல், சவுரவ் கோஷல் தலைமுறையோடு வேலை செய்தவர். 2007-ல் கைப்பந்துக்கு ஜி.இ. ஸ்ரீதரன். 2021-ல் டேபிள் டென்னிஸுக்கு எஸ். ராமன், சத்தியனை உலகத் தரவரிசையில் முதல் இருபத்தைந்துக்குள் கொண்டுபோனவர். 2023-க்கான விருது சதுரங்கத்தில் ஆர்.பி. ரமேஷுக்கு. ஒவ்வொருவரும் தகுதியானவரே, அதில் சந்தேகம் எழுப்புவது சிறுமை. ஆனால் ரமேஷின் காலக்கணக்கைப் பார்த்தால் விருது எதைப் பார்க்கிறது என்பது விளங்கும். அவர் மனைவி ஆர்த்தி ராமசாமியோடு சேர்ந்து செஸ் குருகுலம் தொடங்கியது 2008. 2014-ல் நார்வேயின் டிரோம்சோவில் நடந்த ஒலிம்பியாடில் இந்திய ஆண்கள் அணி வெண்கலம் வென்றபோது அதன் பயிற்சியாளர் அவர். 2022-ல் மாமல்லபுரத்தில் இந்தியாவின் இரண்டாம் அணி வெண்கலம் வென்றபோதும் தலைமை அவர்தான். விருது வந்தது, 2023 ஆகஸ்டில் அவருடைய சீடர் பிரக்ஞானந்தா உலகக் கோப்பை இறுதிக்குப் போய், டிசம்பரில் வைஷாலி கிராண்ட்மாஸ்டர் ஆகி, நாடே அந்த அக்கா தம்பியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த பிறகு. ரமேஷ் போன்ற பயிற்சியாளருக்கே பதினைந்து ஆண்டு காத்திருப்பு. குகேஷின் கதையில் இன்னும் ஒரு படி கீழே போகலாம். 2013-ல் ஏழு வயதில், வேலம்மாள் பள்ளியில், வாரத்துக்கு மூன்று நாள் ஒரு மணி நேர வகுப்பில்தான் அவர் காய் நகர்த்தக் கற்றார். அங்கே சொல்லிக்கொடுத்தவர் பாஸ்கர். பிற்பாடு கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா கைக்கு வந்தார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் ஆனார். அந்த ஒரு மணி நேர வகுப்பில் குகேஷோடு உட்கார்ந்திருந்த மற்றப் பிள்ளைகளுக்கும் அதே பாடம்தான் நடந்தது. அந்தப் பாடம் நல்ல பாடமா என்பதற்கு விடை சிங்கப்பூரில் தீர்மானமாக வேண்டியதில்லை. மைலாப்பூர் பக்கத்து கஸ்தூரி ரங்கா சாலையில் சோவியத் பண்பாட்டு மையத்துக்குள் 1972-ல் மானுவல் ஆரோன் தால் செஸ் கிளப்பைத் தொடங்கியபோது, அங்கே பின்னாளில் ஆனந்த் என்றொரு சிறுவன் வருவான் என்று யாருக்கும் தெரியாது. ஆனந்த் வராமல் போயிருந்தாலும் அது நல்ல கிளப்தான்.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது, தட்டிக்கழிக்க முடியாது. கிரிக்கெட்டில் துரோணாச்சாரியா விருது கீழ்ப்படிப் பயிற்சியாளர்களுக்குத்தானே போயிருக்கிறது என்பார்கள். உண்மைதான். கபில்தேவின் தேஷ் பிரேம் ஆசாத், டெண்டுல்கரின் அச்ரேக்கர், கோலியின் ராஜ்குமார் சர்மா, ரோஹித்தின் தினேஷ் லாட் ஆகிய யாரும் இந்திய அணிக்குப் பயிற்சி கொடுத்ததற்காக இதைப் பெறவில்லை. சிறுவர்களுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததற்குத்தான். ஆனால் இந்தப் பெயர்களை நான் எப்படி எழுதினேன் என்று திரும்பிப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் இன்னொரு பெயர் ஆறாம் வேற்றுமை உருபோடு நிற்கிறது. வேறு எப்படி எழுதினாலும் வாசகருக்கு அடையாளம் தெரியாது. அதாவது விருது கீழ்ப்படிக்குப் போகிறது. ஆனால் மேல்படியிலிருந்து எட்டிப் பார்த்து, நட்சத்திரத்தின் நிழல் விழும் இடத்தில் மட்டும் போகிறது. இந்த வரிசையில் விதிவிலக்குக்கு மிக அருகில் வருபவர் டெல்லியின் தாரக் சின்ஹா. 1969-ல் அவர் தொடங்கிய சானட் கிளப்பிலிருந்து மனோஜ் பிரபாகர், ரமண் லாம்பா, ஆசிஷ் நெஹ்ரா, ஆகாஷ் சோப்ரா, ஷிகர் தவன், அஞ்சும் சோப்ரா, ரிஷப் பந்த் என்று ஒரு படையே வந்தது. ஒரு நட்சத்திரம் தற்செயலாக வரலாம், இத்தனை பேர் வர முடியாது. அது ஒரு முறை, ஒரு பண்ணை. அவருக்கு வாழ்நாள் பிரிவில் விருது கிடைத்தது 2018-ல், அதாவது கிளப் தொடங்கி அரை நூற்றாண்டு ஆகும் தருணத்தில். மூன்று ஆண்டுகளில் இறந்துபோனார். கிரிக்கெட்டுக்கு இந்த விருதைப் பெற்றவர்களில் பெரும்பாலோர் டெல்லி, மும்பைக்காரர்கள் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கலாம். சென்னைப் பயிற்சியாளர்கள் அவர்களுக்கு இளைத்தவர்கள் என்று நான் நம்பவில்லை. மேற்கு மாம்பலத்துத் தெருவிலிருந்தும் சாந்தோம் செயின்ட் பீட்ஸ் பள்ளியிலிருந்தும் வந்த அஸ்வின் 537 டெஸ்ட் விக்கெட் எடுத்திருக்கிறார். பள்ளியில் தொடக்க ஆட்டக்காரராகவும் மிதவேகம் வீசுபவராகவும் இருந்தவரை ஆஃப் ஸ்பின்னராக ஆக்கிய கைகள் இங்கே இருந்தவைதான்.

இரண்டாவது மறுப்பு: பதக்கம் என்பது கண்ணால் காணும் ஆதாரம், அதை விட்டுவிட்டால் வேறு எதை நம்புவது? அமெரிக்க விருதுகளும் பெரும்பாலும் ஜெயித்த அணிக்காரருக்குத்தானே போகின்றன? இதிலும் நியாயம் இருக்கிறது. 1970-ல் டாமி லசோர்டா ஸ்போர்ட்டிங் நியூஸ் விருதைப் பெற்றபோது அவருடைய ஸ்போகேன் அணியில் ஸ்டீவ் கார்வி, பில் பக்னர், பாபி வாலண்டைன், டேவி லோப்ஸ் இருந்தார்கள். இத்தனை பேரை வைத்துக்கொண்டு யார்தான் ஜெயிக்க மாட்டார்கள் என்று அன்றைக்கே யாராவது முணுமுணுத்திருப்பார்கள். லசோர்டா பிறகு லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் மேலாளராகி 1981-லும் 1988-லும் உலகத் தொடரை வென்றார் என்பதால் தேர்வு சரியென்று ஆகிவிடாது. அப்படிச் சொன்னால் நானும் பின்னாலிருந்து அளப்பவனாகிவிடுவேன். அந்த விருதின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அது வெற்றிக்கும் போகலாம்; ஆனால் மேலே போன பிறகு வந்த வெற்றிக்கு அல்ல, அந்தப் படியில் நடந்த வெற்றிக்கு. தவறு நேர்ந்தாலும் அந்தப் படியைப் பற்றிய தவறாகவே இருக்கும். அடுத்த ஆண்டு திருத்திக்கொள்ளலாம். ஸ்டான் வாசியக் என்பவர் 1950 முதல் 1986 வரை 37 பருவங்கள் மைனர் லீக்கிலேயே மேலாளராக இருந்து 2,530 ஆட்டங்கள் வென்றார். ஒரு நாள்கூட மேஜர் லீக் அணிக்கு மேலாளராகவில்லை. பேஸ்பால் வரலாற்றில் அவருக்கு ஓர் இடம் இருப்பதற்குக் காரணம், அவருடைய படியிலேயே அவரைக் கணக்கெடுக்க ஏற்பாடு இருந்தது. நம்மிடம் நாற்றங்காலில் நிற்பவரிடம் போய், களத்துமேட்டில் எத்தனை மூட்டை என்று கேட்கும் பழக்கம்தான் இருக்கிறது.

நம் அமைப்பிலேயே விலகல்கள் இல்லாமல் இல்லை. ரமேஷ் விருது பெற்ற அதே பட்டியலில் மல்லகம்பப் பயிற்சியாளர் கணேஷ் பிரபாகர் தேவ்ருக்கரும் இருந்தார்; ஒலிம்பிக் பதக்கப் போட்டிகளில் இடமில்லாத ஆட்டம் அது. பதக்க எண்ணிக்கைக்கு வெளியே பார்க்கத் தேர்வுக்குழுவால் முடியும் என்பதற்கு இது போதும். 2009-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய கேல் புரோத்சாகன் புரஸ்காரில் இளம் திறமைகளைக் கண்டறிந்து வளர்ப்பதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. ஆனால் அது அமைப்புகளுக்கு, நிறுவனங்களுக்கு. ஆள் பெயர் அங்கேயும் காணாமல் போகிறது. தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் விளையாட்டு விருதுகளில் பயிற்சியாளரோடு உடற்கல்வி ஆசிரியருக்கும் இடம் இருப்பதை மனமாரப் பாராட்ட வேண்டும். பள்ளியில் பி.டி. மாஸ்டர் என்று நாம் கூப்பிடும் மனிதர்தான் இந்த நாட்டின் முதல் தேர்வாளர்; மழை வந்தால் கணக்கு வாத்தியாருக்குத் தன் பீரியடைத் தாரை வார்க்க வேண்டியவரும் அவரே. ஆனால் ஒரு மாநிலம் முழுமைக்கும் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் என்றால், ஒரு லீக்கின் ஒரு டிவிஷனுக்குள் நடப்பது அதன் கண்ணில் படாது.

மூன்றாவது மறுப்பு சென்னைக்காரர்களிடமிருந்து வரும். கேட்கும்போதே அதில் அனுபவம் தெரியும். லீக் அளவில் விருது என்றால் அரசியல்தான் நடக்கும்; கிளப்புகளுக்குச் சங்கத் தேர்தலில் ஓட்டு இருக்கிறது, ஓட்டு இருக்கும் இடத்தில் விருதும் ஓட்டுக்குத்தான் போகும் என்பார்கள். பயம் நியாயமானது. ஆனால் இதே நியாயத்தில் பார்த்தால் டெல்லியில் முடிவாகும் விருதுகளில் சிபாரிசே இல்லை என்று ஆகிவிடும். அப்படி யாரும் நம்புவதில்லை. தேர்ந்தெடுப்பவர் எவ்வளவு அருகில் இருக்கிறாரோ அவ்வளவு செல்வாக்குக்கு ஆட்படுவார். ஆனால் அவ்வளவு தெரிந்தும் வைத்திருப்பார். தூரத்தில் இருப்பவருக்குத் தெரியாது என்பதால் அவர் நேர்மையாளராகிவிட மாட்டார். அவர் பத்திரிகைச் செய்தியை நம்ப வேண்டியிருக்கும், அவ்வளவே. செல்வாக்கைக் குறைக்க வழி இருக்கிறது. கிளப் நிர்வாகிகளிடம் ஓட்டைக் கொடுக்காமல், அந்தப் பருவத்தில் எதிர்த்து ஆடிய கேப்டன்களிடமும் அம்பயர்களிடமும் கொடுக்கலாம். அம்பயரைப் பற்றிக் கேப்டன்கள் அறிக்கை எழுதித் தரும் வழக்கம் இந்தியக் கிரிக்கெட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதே தாளில் எதிரணியை நடத்தியவரைப் பற்றி இரண்டு வரி சேர்ப்பது பெரிய வேலை அல்ல. எதிரணிக் கேப்டனைவிடப் பாரபட்சமில்லாத சாட்சி கிடைப்பது அரிது. தன்னைத் தோற்கடித்தவரைப் புகழ அவனுக்கு ஒரு காரணமும் இல்லை.

சரி, ஊதியத்துக்கு வேலை செய்யும் அமெரிக்க மேலாளருக்கான மரபை, கைக்காசைப் போட்டு நடத்தும் செகரட்டரிக்கு ஒட்டவைப்பது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். ஒட்டவைக்கும்போது ஒன்றை மாற்றித்தான் ஆக வேண்டும்: விருது பதவிக்கு அல்ல, வேலைக்கு. சில கிளப்புகளில் அந்த வேலையைப் பயிற்சியாளர் செய்வார், சிலவற்றில் கேப்டன், பலவற்றில் செகரட்டரி, ஒன்றிரண்டில் ஆட்டத்தை விட்டு விலகிய பழைய விக்கெட் கீப்பர் ஒருவர் நிழலில் உட்கார்ந்து செய்வார். சதுரங்கத்திலும் அப்படியே, அடையாறிலும் தி. நகரிலும் மாடி அறைகளில் நடக்கும் வகுப்புகளில் கற்றுக்கொடுப்பவர்களில் எத்தனையோ பேர் பட்டம் இல்லாதவர்கள். பட்டம் உள்ளவரிடம் பிள்ளையை ஒப்படைக்கும்வரை அதற்கு ஆட்டத்தின்மேல் வெறுப்பு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. விருதால் அவர்கள் வாழ்க்கை மாறாது. ஆயிரம் ரூபாயும் ஒரு சால்வையும் யாரையும் வாழவைத்ததில்லை. மாறப்போவது பதிவு. சென்னை லீக் ஆட்டங்களின் ஸ்கோரை ஆங்கில நாளிதழ்கள் நெடுங்காலம் பொடி எழுத்தில் போட்டுவந்திருக்கின்றன. அந்தப் பொடி எழுத்தில் யார் எத்தனை ரன், எத்தனை விக்கெட் என்பது இருக்கும். பந்தை யார் கொடுத்தார், முதல் இரண்டு ஓவரில் இருபது ரன் போன பிறகும் யார் மூன்றாவது ஓவரைக் கொடுத்தார் என்பது இருக்காது. ஃப்ளவர்ஸின் சாலிஸ்பரி அணியை இன்றைக்கு நாம் பேச முடிவதற்குக் காரணம், 1936 முதல் ஆண்டுக்கு ஒரு பெயரை யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள்.

எனவே ஒரே ஒரு டிவிஷனில், ஒரே ஒரு பருவத்துக்குத் தொடங்கிப் பார்க்கலாம். வாக்குச்சீட்டில் கேட்க வேண்டிய கேள்விகள் எவை என்பதில்தான் கவனம் தேவை. அணி எத்தனையாவது இடம் என்பதைக் கேட்கவே வேண்டாம். அது அட்டவணையில் இருக்கிறது. உங்களுக்கு எதிராக எந்த அணி தன் இளையவர்களைப் பயமில்லாமல் ஆடவிட்டது, தோற்கும் ஆட்டத்தில் எந்த அணியின் ஒழுங்கு கலையவில்லை என்று கேட்கலாம். பருவம் முடிந்ததும் பதிவேட்டைப் பார்த்து, எந்தக் கிளப்பிலிருந்து எத்தனை பேர் மேல் டிவிஷனுக்குப் போனார்கள் என்பதைச் சங்கமே சேர்த்துக்கொள்ளலாம். இதில் ஒரு சிக்கலுக்கு என்னிடம் முழுமையான தீர்வு இல்லை. நல்ல ஆட்டக்காரனை விடாமல் பிடித்து வைத்துக்கொண்டு வருடா வருடம் ஜெயிக்கும் செகரட்டரியும் உண்டு; நன்றியுணர்ச்சியையும் நட்பையும் காட்டியே அவனைக் கீழ் டிவிஷனில் முடித்துவிடுவார். எதிரணிக் கேப்டனுக்கு அது தெரியாது, அம்பயருக்கும் தெரியாது. தெரிந்தவன் அந்த ஆட்டக்காரன் ஒருவன்தான். ஆகவே மேலே போனவர்களிடமும் ஒரு சீட்டைக் கொடுத்து, நீங்கள் கிளம்பும்போது உங்களைத் தடுக்காதவர் யார் என்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.